வளவில் ஒரு கட்டில்: உடம்பு முடியாதவரோடு செட்டிநாடு போகிறவர்களுக்கு

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இனி நோயைக் குணமாக்கும் சிகிச்சை கிடையாது, வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்று டாக்டர் சொன்ன இரண்டாவது மாதம், சென்னையிலிருந்து ஏழு பேராகக் காரைக்குடிப் பக்கம் நான்கு நாள் போய் வந்தோம். எல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அடுத்துப் போகிறவர்கள் அத்தனையும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் செட்டிநாடு என்று பலர் கேட்டார்கள். மலைக்குப் போகலாம் என்று தம்பி சொன்னான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சமவெளியிலேயே மூச்சு வாங்குகிறவரை அங்கே கூட்டிப்போக டாக்டர் சம்மதிக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் வேறு. மற்ற ஊர்களில் பார்க்க வேண்டியது எல்லாம் வெளியே இருக்கும். நோயாளி அறைக்குள் படுத்திருப்பார், ஒருவர் காவல் இருப்பார், மற்றவர்கள் மனசு உறுத்த ஊர் சுற்றிவிட்டு வருவார்கள். செட்டிநாட்டில் பார்க்க வேண்டியதே வீடுதான். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி வண்ணக்கல் பதித்த தரை, நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம். வளவு ஓரமாகக் கட்டிலைப் போட்டு ஒருவர் படுத்தால், அவர்தான் ஊர் சுற்றிப் பார்க்கிறார், நாம் அவரைச் சுற்றி நடமாடுகிறோம். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை. பயணத்தின் பாதி, சரியான வீட்டைப் பிடிப்பதில் இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் அவரைக் கேளுங்கள்

டாக்டரைக் கேட்பதற்கு முன் இது. நாங்கள் தலைகீழாகச் செய்தோம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம், நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஒன்பது கோயில்களில் முடிந்தவரை என்று அப்பாவுக்காக ஒரு பட்டியலே போட்டுவிட்டோம். அவரிடம் காட்டியபோது சிரித்தார். "பிள்ளையாரை நிறையப் பார்த்தாச்சும்மா. எனக்கு அந்தத் திண்ணையில கொஞ்ச நேரம் உட்காரணும்."

எந்தத் திண்ணை? கல்யாணத்துக்கு முன் காரைக்குடியில் வங்கி வேலையில் இருந்தபோது, ஒரு பெரிய வீட்டின் முகப்பில் அறை எடுத்துத் தங்கியிருந்தாராம். அந்த வீட்டு ஆச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பு கொடுத்து அனுப்புவார்களாம். நாற்பது வருடத்தில் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

ஆகவே "எங்கே போகலாம்" என்று கேட்காதீர்கள். "உங்க இஷ்டம்" என்று பதில் வரும். "எதைச் செய்யாமல் வந்தால் உங்களுக்குக் குறையாக இருக்கும்" என்று கேளுங்கள். ஒன்று சொல்வார், மிஞ்சினால் இரண்டு. அதுதான் திட்டம். மற்றதெல்லாம் நடந்தால் சரி. அவர் போகவே விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று தலையாட்டுகிற அப்பாக்கள் நம் ஊரில் அதிகம். தனியாக இருக்கும்போது இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்து டாக்டர்

"போகலாமா" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். வழியில் எது நடக்க வாய்ப்பு இருக்கிறது, நடந்தால் முதலில் என்ன கொடுக்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவில் கூப்பிட ஒரு எண் வாங்குங்கள். நோயின் பெயர், இதுவரை நடந்த சிகிச்சை, இப்போது எடுக்கும் மருந்துகள், அளவு, ஒவ்வாமை எல்லாம் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு கடிதமும் கேளுங்கள். காரைக்குடியில் நள்ளிரவில் முன்பின் தெரியாத டாக்டர் முன்னால் நிற்கும்போது, மூன்று கிலோ ஃபைலைவிட இந்த ஒரு தாள்தான் உதவும்.

கீமோதெரபி நடந்துகொண்டிருப்பவர் என்றால் தேதி முக்கியம். பெரும்பாலான கீமோ மருந்துகளில், ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் இரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் பயணம் வேண்டாம். அடுத்த ஊசிக்கு முந்திய சில நாட்கள்தான் பொதுவாகத் தெம்பாக இருக்கும். அதுவும் இரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சரி என்ற பிறகு. இவர்களுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடக் கூடாது. தெர்மாமீட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அது சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற மருந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில்தான் இருக்கும். தீர்ந்துபோனால் ஓடிப்போய் வாங்க முடியாது. நான்கு நாள் பயணத்துக்கு ஏழு நாள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையோடு, மருந்துச்சீட்டோடு இருக்கட்டும். கூடவே மலம் இளக்கும் மருந்தையும் ஒரு நாள்கூட விடாதீர்கள். மார்ஃபின் மலத்தைக் கட்டும், பயணமும் கட்டும். இரண்டும் சேர்ந்தால் மூன்றாம் நாள் வலி புற்றுநோயால் வந்ததா வயிற்றால் வந்ததா என்றே தெரியாது. வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பட்டை போட்டிருப்பவர்கள் வெயிலிலோ வெந்நீர்ப் பையோடோ இருக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உடம்புக்குள் இறங்கிவிடும். செட்டிநாட்டு வெயிலில் இதை மறந்துவிடாதீர்கள்.

எப்போது போவது

மார்கழி, தை, மாசி. பங்குனிக்கு மேல் ஆனி வரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம், நல்ல உடம்புக்காரர்களே வதங்கிப்போவார்கள். தையிலும் ஒரு கவனம் வேண்டும். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடி, பிள்ளையார்பட்டிச் சாலைகளில் பழனிக்கு நடக்கிறவர்கள் அலை அலையாகப் போவார்கள். பார்க்க அழகு, ஆனால் கார் நகராது. நாங்கள் பூசம் முடிந்த பிறகு போனோம். தை கல்யாண மாதமும்கூட. இந்தப் பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். பக்கத்து வீட்டில் விசேஷம் ஏதும் இருக்கிறதா, மைக் செட் கட்டுவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வீடு பிடிப்பது

இங்கேதான் நாங்கள் முதலில் சறுக்கினோம். படத்தைப் பார்த்து மயங்கி ஒரு இடத்தை முன்பதிவு செய்தோம். போன பிறகுதான் அறை மாடியில் என்று தெரிந்தது. குறுகலான மரப்படி. "நாலு பேர் தூக்கிடலாம் சார்" என்றார்கள். தூக்கலாம்தான், ஆனால் அப்பா அன்று முழுக்கக் கீழே இறங்கமாட்டார். ஒரு மணி நேரம் முகப்பிலேயே அவரை உட்கார வைத்துவிட்டு, தம்பி அலைந்து வேறு வீடு பிடித்தான். கட்டிய முன்பணம் போனதுதான்.

செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் சரியான கேள்வி கேட்க முடியும். தெருவிலிருந்து படியேறினால் திண்ணை. பெரிய நிலைக்கதவு தாண்டி முகப்பு. அப்புறம் வளவு, அதாவது நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் நிலைப்படி. வீல்சேர் அதை ஏறாது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் சாமான் வைக்கவும் சாமி கும்பிடவும் கட்டியவை. சின்னதாக, இருட்டாக இருக்கும். சில வீடுகளில் கழிப்பறை இன்னும் பின்கட்டில்தான். தங்கும் விடுதியாக மாற்றிய வீடுகளில் அறையோடு சேர்ந்த குளியலறை இருக்கும், ஆனால் அதற்கு ஒரு படி ஏறவேண்டியிருக்கும்.

போனில் கேட்கவேண்டியவை இவை:

- தெருவிலிருந்து வளவு வரை மொத்தம் எத்தனை படி, எத்தனை நிலைப்படி? பின்வாசல் வழியாகக் கார் உள்ளே வருமா? (பல வீடுகளில் பின்பக்கம்தான் சுலபம்.)
- தரைத்தளத்தில் அறை இருக்கிறதா, அதன் குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்? கமோடு இருக்கிறதா?
- வளவில் ஒரு கட்டில் போட்டுக்கொள்ள விடுவார்களா? பகலில் சுற்றுலாக்காரர்களை உள்ளே விடுகிற வீடா?
- கரண்ட் போனால் ஜெனரேட்டரா, இன்வெர்ட்டரா?
- கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனால் பணம் திரும்புமா?

கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில், வாட்ஸப்பில் ஒரு வரியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மனசோடுதான் நடந்துகொள்கிறார்கள். மறைக்காதீர்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. ஆக்சிஜன் வைத்திருப்போம், ராத்திரி விளக்கு எரியும், சாப்பாடு குழைவாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் இரண்டாவதாகப் பிடித்த வீட்டில் இதைக் கேட்டதும் சமையல் பார்க்கும் ஆச்சி வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, உள்ள வந்து காலை நீட்டுங்க" என்றார்கள். எழுபத்திரண்டு வயது அப்பாவைத் தம்பி என்று கூப்பிட ஊரில் ஆள் இருந்தது அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

நிலைப்படிகளுக்கு ஒரு வழி. மூன்றடி நீளத்தில் ஒரு பலகை கொண்டுபோனோம், சின்னப் படிக்குச் சாய்த்து வைக்க. உயரமான படிக்கு அது உதவாது. வீல்சேரைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் ஏற்றினால் இரண்டு பேர் போதும். ஆத்தங்குடித் தரை காய்ந்திருக்கும்போது வெறுங்காலுக்குச் சுகம், ஈரம் பட்டால் வழுக்கும். துடைத்த பிறகு கால்மணி நேரம் யாரையும் நடக்கவிடாதீர்கள். குளியலறைக்கு ஒரு ரப்பர் விரிப்பும், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டும். நாற்காலியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், வீட்டில் பயன்படுத்தும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டரில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடினால் பெரிது. ஆகவே சிலிண்டர் ஒன்று துணைக்கு வேண்டும். பி டைப் சிலிண்டரில் நிரம்ப இருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். உங்கள் அளவுக்கு நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காரில் உருளாமல் கட்டி வையுங்கள், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வளவில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். சாம்பிராணி போடுவார்கள், சாமி அறையில் சூடம் காட்டுவார்கள். ஆக்சிஜன் ஓடும் இடத்திலிருந்து இதெல்லாம் தள்ளி இருக்கவேண்டும். தீப்பொறிக்கு ஆக்சிஜன் எண்ணெய் வார்த்தது மாதிரி. சொன்னால் புரிந்துகொள்வார்கள். எங்கள் ஆச்சி விளக்கை இரண்டாங்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

போகிற வழி

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி இரவில் காரைக்குடி சேரும். உட்கார்ந்து போகிற வண்டி. ஆறு மணி நேரம் போல உட்கார முடிகிறவருக்குச் சரி. படுத்துப் போகலாம் என்று இராமேஸ்வரம் வண்டிகளைப் பிடித்தால் காரைக்குடியில் அகால நேரத்தில் இறங்கவேண்டியிருக்கும். ரயில் பெட்டியில் இருக்கும் பிளக் போன் சார்ஜுக்கானது, 110 வோல்ட். அதை நம்பி மருத்துவக் கருவியைக் கொண்டுபோகாதீர்கள். புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டே என்று கேட்பார்கள். அது சிகிச்சைக்குப் போய்வருவதற்கு. ஊர் சுற்ற அதை எடுக்காதீர்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சியும் மதுரையும் ஏறத்தாழ ஒரே தூரம், காரைக்குடியிலிருந்து 90 கிலோமீட்டர் சுமார்.

நாங்கள் காரில் போனோம், திருச்சியில் ஓர் இரவு தங்கி. அந்த ஓர் இரவு செலவு வீண் என்று எனக்கு முதலில் தோன்றியது. அப்படியில்லை. ஒரே மூச்சில் போயிருந்தால் முதல் இரண்டு நாள் அப்பா படுக்கையிலேயே இருந்திருப்பார். முன்சீட்டைச் சாய்த்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் தலையணை வைத்தோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். உயரமான வண்டி என்றால் ஏறி இறங்க ஒரு முக்காலி எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் நினைவு வராத பொருள் அது.

மறுநாள் காலை புதுக்கோட்டை தாண்டித் திருமயம். கோட்டை மேலே ஏறுவதெல்லாம் நமக்கில்லை. ஆனால் சாலையோரத்திலேயே கோட்டை பைரவர் இருக்கிறார், போகிற வண்டிகள் எல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும். 1687-இல் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டைச் சுவர் காரிலிருந்தே தெரியும். அப்பா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அம்மா இறங்கித் தேங்காய் உடைத்தார்கள். பத்து நிமிடம்.

பையில் என்ன

மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பையில் வையுங்கள். ஒரு பை காணாமல் போனாலும் பயணம் நிற்காது. மருந்துச்சீட்டையும் டாக்டர் கடிதத்தையும் எல்லோர் போனிலும் படமாக வைத்திருங்கள். இன்சுலினை ஒருபோதும் காரில் விடாதீர்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னக் கிண்ணத்தில் வைத்தால் தாங்கும். அப்புறம் பெரியவர்களுக்கான டயப்பர், ரப்பர் ஷீட், ஃபிளாஸ்க், வாந்திக்கு மூடியுள்ள டப்பா, கொசுவலை. முற்றம் திறந்த வீடு, கொசு வராமல் இருக்காது. இன்னொன்று, அவர் வீட்டில் வைத்துப் படுக்கும் தலையணை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். புது இடத்தில் தூக்கம் வந்ததற்கு அப்பா நன்றி சொன்னது அந்தத் தலையணைக்குத்தான்.

சாப்பாடு

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் மிளகும் மிளகாயும் எண்ணெயும்தான் என்ற பயம் வேண்டாம். அது ஹோட்டல் பலகையில் எழுதுகிற செட்டிநாடு. வீட்டுச் சமையலில் வாய்ப்புண் உள்ளவரும் விழுங்கக் கஷ்டப்படுபவரும் சாப்பிடக்கூடியவை நிறைய இருக்கின்றன. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். பாலில் ஊறிய பால் பணியாரம். காரச் சட்னி இல்லாத வெள்ளைப் பணியாரத்தின் நடுப்பகுதி. கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் மசித்துச் செய்யும் கோசமல்லி, மிளகாய் குறைத்து. உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்துத் திரித்து, கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கிளறும் கும்மாயம் இரண்டு கரண்டி உள்ளே போனாலே பெரிய விஷயம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அளவு பார்த்துக் கொடுங்கள்.

முந்தின நாள் இரவே சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஒரே தட்டில் நிறைய வைக்கவேண்டாம், சின்னக் கிண்ணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று. சாப்பிடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். "இன்னும் ஒரு வாய்" என்று துரத்துவது நம் அன்பின் மொழி, தெரியும். நோய் முற்றிய உடம்புக்குப் பசி குறைவது இயல்பு, திணித்தால் வாந்தியில்தான் முடியும். அவருக்கு முன்னால் நாம் கோழி வறுவல் சாப்பிடலாமா என்று அம்மா தயங்கினார்கள். அப்பாவே, "நல்லா இருக்கா, சொல்லு" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். சாப்பிடுங்கள். அவருக்குக் கதையாவது கிடைக்கட்டும்.

கீமோவில் இருப்பவர்களுக்குக் கொதிக்கவைத்த தண்ணீர், சூடாகச் சமைத்தது மட்டும். ரோட்டோர மோர், வெட்டி வைத்த பழம் வேண்டாம்.

நாளை எப்படிக் கழிப்பது

ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெளி வேலை. அதுவும் அவருக்குத் தெம்பு இருக்கும் நேரத்தில். அப்பாவுக்குக் காலை எட்டு முதல் பத்தரை வரை. உங்கள் வீட்டில் எது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். வலி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினால் நன்றாக இருக்கும்.

முதல் நாள் பேராசையில் பிள்ளையார்பட்டி முடித்து அப்படியே குன்றக்குடிக்குப் போனோம். பிள்ளையார்பட்டி குடைவரைக் கோயில், ஆறடிக் கற்பக விநாயகரைக் கூட்டம் இல்லாத நாளில் கொஞ்சம் நடந்தால் பார்த்துவிடலாம். குன்றக்குடி மலைப்படி. அப்பா காரில் உட்கார்ந்தார், நாங்கள் பாதிப் படியில் குற்ற உணர்ச்சியோடு இறங்கி வந்தோம், பிள்ளைகள் அழுதார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அதற்கப்புறம் வெளி வேலை ஒன்றுதான்.

இடங்களில் என் சிபாரிசு இவை. கானாடுகாத்தான் தெருக்களில் காரை மெதுவாக ஓட்டுங்கள், இறங்கவே வேண்டாம், இரண்டு பக்கமும் அரண்மனை மாதிரி வீடுகள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை பிள்ளைகளுக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. ஆனால் சிமெண்ட் தூசி இருக்கும், நுரையீரல் நோயாளியை வாசலுக்கு வெளியே நிழலில் வையுங்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் குளிர்காலத்தில், கண்மாயில் தண்ணீர் இருந்தால், காரில் வருகிறவர்களுக்கு வரம். பறவைகள் பயப்படும் என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. இதைக் கேட்டு அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலத்துக்கு ஏதாவது ஒரு ஊருணிக் கரை போதும்.

திண்ணைக்கு மூன்றாம் நாள் காலை போனோம். தெருவைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. வீடு பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் அப்படிப் பூட்டிய வீடுகள் ஏராளம், பங்காளிகள் பத்து ஊரில் இருப்பார்கள். திண்ணை மட்டும் திறந்துதானே இருக்கும். தம்பி துண்டால் தூசி தட்டினான், அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். எதிர் வீட்டுப் பெரியம்மா விசாரித்துவிட்டுக் காபி கொண்டுவந்தார்கள். ஒரு மணி நேரம். பேரன் பேத்திக்கு அந்தக் காலத்துக் கதை சொன்னார், நான் போனில் குரலைப் பதிவு செய்தேன். செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேமராவை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

மதியம் முழுக்க வளவு. அவர் கட்டிலில் அரைத்தூக்கம், பிள்ளைகள் தரையில் பல்லாங்குழி, அம்மா பக்கத்தில். எதுவும் நடக்காத அந்த மதியங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். அட்டவணையை நிரப்பாதீர்கள்.

அம்மாவுக்கும் லீவு

பார்த்துக்கொள்கிறவருக்குத்தான் உண்மையில் ஓய்வு தேவை. எங்கள் அம்மா ஐந்து மாதமாக இரவில் முழுத் தூக்கம் தூங்கியதில்லை. கிளம்புவதற்கு முன்பே இரவு முறை போட்டோம்: பத்து முதல் இரண்டு வரை நான், இரண்டு முதல் ஆறு வரை தம்பி. அம்மாவுக்குத் தனி அறை. முதல் இரவு நான்கு முறை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் இரவு தூங்கிவிட்டார்கள். ஒரு நாள் காலை என் மனைவி அவரைக் கண்டாங்கிச் சேலை பார்க்கக் கூட்டிப்போனாள், இரண்டு மணி நேரம், போன் பண்ணாமல்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். "தாத்தாவுக்குச் சரியாகிவிடும்" என்று சொன்னால் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயந்து ஒதுங்குவார்கள். தெரிந்த பிள்ளை தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்.

அப்புறம், பார்க்க வருகிறவர்கள். நீங்கள் வந்திருப்பது தெரிந்ததும் மதுரையிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் சொந்தக்காரர்கள் ஆப்பிள், ஹார்லிக்ஸோடு கிளம்பிவிடுவார்கள். கூடவே ஒரு மூலிகைக் கதையும் வரும். வீட்டில் ஒருவர் கெட்ட பெயர் வாங்கத் தயாராக இருக்கவேண்டும். எங்களில் அது நான். "சாயங்காலம் ஐந்து முதல் ஆறு வரை வாங்க சித்தப்பா, மத்த நேரம் தூங்குவார்" என்று முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

நிலைமை மோசமானால்

இதைக் கிளம்பும் முன் பேசிவிடவேண்டும், முடிந்தால் அவரையும் வைத்துக்கொண்டு. மூச்சு நின்றுபோகும் நிலை வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு, வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா? அப்பா வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். டாக்டர் அதைக் கடிதத்தில் குறித்துக் கொடுத்தார். சொல்லாமல் விட்டிருந்தால் காரைக்குடியில் நானும் தம்பியும் நடுராத்திரியில் சண்டை போட்டிருப்போம்.

ஆம்புலன்ஸுக்கு 108. காரைக்குடியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய இடம் என்றால் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், இரண்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில். போய்ச் சேர்ந்த அன்றே பக்கத்தில் எந்த மருந்துக்கடை இரவில் திறந்திருக்கும், வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் யார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 108-க்கு வழி சொல்ல, வீட்டின் அடையாளமும் அதில் இருக்கட்டும். அந்த ஊர்களில் தெருப்பெயரைவிட "இன்னார் வீட்டுக்கு எதிர்வீடு" என்பதுதான் வேலை செய்யும்.

அங்கேயே உயிர் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்கவேண்டும். டாக்டர் ஒருவர் வந்து பார்த்து இறப்பின் காரணத்தை எழுதித் தரவேண்டும், அதற்கும் அந்த ஒற்றைத் தாள் கடிதம் உதவும். இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவு, 21 நாளுக்குள். அவருடைய ஆதார் நகல் பையில் இருக்கட்டும்.

எங்களுக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாம் இரவு மட்டும் மூச்சு திணறி, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி கூடுதல் மாத்திரை ஒன்று கொடுத்து, தலைமாட்டை உயர்த்தி, முகத்துக்கு நேரே மேசை ஃபேனை வைத்தோம். ஃபேன் காற்று மூச்சுத்திணறலுக்கு உண்மையாகவே உதவும். ஒரு மணி நேரத்தில் அடங்கியது.

திரும்பும்போது

திட்டமிட்டதைவிட ஒரு நாள் முன்னதாகக் கிளம்பக்கூடிய மாதிரி வண்டியை ஏற்பாடு செய்யுங்கள். வீடு வந்து சேர்ந்த மறுநாள் யாரும் ஆபீஸ் போகவேண்டாம். அவர் இரண்டு நாள் நன்றாகத் தூங்குவார், பயப்படாதீர்கள். மூன்றாம் நாளும் எழவில்லை, குழப்பமாகப் பேசுகிறார் என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். பயணத்தில் கொடுத்த கூடுதல் மாத்திரைக் கணக்கையும் அவரிடம் சொல்லுங்கள்.

பலகாரம் வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, ஆஸ்பத்திரி வார்டு நர்ஸ்களுக்கென்று தனியாக ஒரு பை சீப்புச் சீடை வாங்கச் சொன்னார். பின்னால் வைத்தால் நொறுங்கிப்போகும் என்று அதை மடியிலேயே வைத்துக்கொண்டு திருச்சி வரை வந்தார்.